வெள்ளைக் கலர் மெஷின்

அறுபத்து மூன்று பிளாப்பி.
தெற்குவெளி வீதி, பேட்டரிக் கடை மாடி.
ஆசிட் வாடை படியேறி வரும் அறையில்
தரை முழுக்கப் பரப்பியிருக்கிறேன்.
லேபிள் காகிதம் பறக்கிறதென்று
ஃபேனையும் நிறுத்தியாயிற்று.
வியர்வை ஒன்றின்மேல் சொட்டியது.
துடைத்து, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி.

போன மாதம் அபுதாகிர் அடுக்கியது சிப்பை வைத்து.
முந்நூற்று எண்பத்தாறுக்கு ஒரு டப்பா,
பென்டியத்துக்கு ஒன்று,
ஸ்கஸி கார்டு போட்டதற்குத் தனியே,
டிடிபி சென்டர் கழித்துக்கட்டிய மேக்குக்கு மூன்றே மூன்று,
மில் ஏலத்தில் வந்த ஸ்பார்க் பெட்டிக்கு இரண்டு.
பூட், ரூட், டிரைவர் என்று
பச்சை மையில் அவன் கையெழுத்து.
சரியான முறை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

கேட்டு வருகிறவர்களிடம்
"என்ன மெஷின் உங்களுது?" என்றால்
"வெள்ளைக் கலர்" என்கிறார்கள்.
வாடிப்பட்டி ரைஸ்மில்காரர்
"நல்ல மெஷின்தான்" என்றார், முகம் சிவந்து.
ஹார்விபட்டிப் பையன்
இரண்டு கையையும் விரித்து அகலம் காட்டினான்.
மொக்கச்சாமி, பூட் என்பதைப் பூட்டு என்று படித்துவிட்டு
சாவி எங்கிட்டு இருக்கு என்றார்.

எஸ்தர் ராணி டீச்சர்தான் எதையும் கேட்காமல்
பென்டியம் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு
பேரையூருக்கு பஸ் ஏறியவர்.
மறுநாள் எஸ்டிடி பூத்திலிருந்து போன்.
"மொத டிஸ்க் ஓடுச்சும்மா. ரெண்டாவது படிக்கவே மாட்டேங்குது."
பஸ்ஸில் பையை எங்கே வைத்தீர்கள்?
"மேல. ஸ்பீக்கர் பக்கத்துல."
ஊர் போய்ச் சேரும்வரை அத்தனை பெரிய காந்தத்தோடு
ஒட்டி உரசிப் போயிருக்கிறது லினக்ஸ்.
"பாட்டெல்லாம் நல்லாத்தான் போட்டான்" என்றார்.

இன்றைக்கு வேறு மாதிரி அடுக்குகிறேன்.
சிப்பின் பேர் லேபிளுக்கு அடியில், பொடி எழுத்தில்.
மேலே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி:
சிடி போட வாய் உண்டா.
மவுஸ் பின் உருண்டையா நீட்டமா.
ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஓடுகிற எண்
எதில் போய் நிற்கிறது.
எட்டாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டவில்லையென்றால்
மஞ்சள் டப்பா. மெமரி போதாதவற்றுக்கான கர்னல்,
பாதிச் சாமானை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புவது.
கீழே சிவப்பில்:
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளவும்.

அபுதாகிர் வந்து பார்த்தான்.
"மவுஸ் பின்னுக்கும் கர்னலுக்கும் என்ன சம்பந்தம்?"
சம்பந்தம் இல்லை.
உருண்டைப் பின் வைத்த பெட்டி
பெரும்பாலும் இந்தப் பக்கம் விழும்.
"பெரும்பாலும்" என்று திருப்பிச் சொன்னான்,
வாயில் கல் அகப்பட்ட மாதிரி.
பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து
லேபிள் வெட்ட ஆரம்பித்தான். கோணலாக.

எதிலும் சேராமல் ஏழு டிஸ்க் மிச்சம்.
மூலையில் மொக்கச்சாமியின் பெட்டி,
சைக்கிள் கேரியரில் கயிறு கட்டி உசிலம்பட்டியிலிருந்து வந்தது.
எந்த டப்பாவிலிருந்து ஏற்றினாலும் கடைசிவரை சமர்த்தாக ஏறும்.
மறுபடி ஆன் செய்தால்
எல், ஐ என்று இரண்டெழுத்து.
அவ்வளவுதான்.
தன் பேரைப் பாதி சொல்லிவிட்டு
கேட்டவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள்.
மூன்று நாளாகப் பார்க்கிறது.
ஏழில் ஒன்றை எடுத்து
மொக்கச்சாமி என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.
"இது ஒரு வகையா?" என்றான்.
இப்போதைக்கு.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது.
கீழே பேட்டரிக் கடையில் யாரோ விசாரிக்கிற சத்தம்,
படியில் கால்கள்.
"டிஸ்க் குடுக்குறது இங்கிட்டுத்தானா?"
இங்கிட்டுத்தான், பார்த்து ஏறுங்க.
ஆன் பண்ணினா உங்க மெஷின்
எத்தன வரைக்கும் எண்ணுது?
நடுப்படியில் கால்கள் நின்றன.
இருட்டில் அவர் யோசிப்பது
எங்கள் இருவருக்கும் கேட்டது.